அந்த மின்னஞ்சல் தீர்ப்பு அல்ல

அக்கா மகள் நியூ ஜெர்சியிலிருந்து தினமும் ராத்திரி பேசுகிறாள். பேச்சு சாப்பாட்டில் தொடங்கினாலும் சினிமாவில் தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: "மெயில் இன்னும் வரல சித்தி." ஜூலை பாதி தாண்டிவிட்டது. லா ஸ்கூல் முதலாண்டுத் தேர்வு மே மாதம் முடிந்தது. முடிந்த சூட்டோடு சட்ட இதழுக்கான எழுத்துப் போட்டி. பன்னிரண்டு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதி அனுப்பினாள். அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி வரவில்லை. பகலில் ஒரு சட்ட உதவி மையத்தில் கோடைக்காலப் பணி; வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர்கள் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போதுகூட, போன் அதிர்ந்தால் கை தானாகப் போகிறது என்று சொல்லி அவளே அழுதாள். அக்கா எனக்குத் தனியாகப் போன் போட்டு, "லிஸ்ட் எப்ப வரும்னு உனக்குத் தெரியாதாடி? நீயும் அதுல இருந்தவதானே?" என்று கேட்கிறாள்.

இருந்தவள்தான். பல வருடங்களுக்கு முன்னால் அதே போட்டியை வேறொரு பள்ளியில் எழுதி, தேர்வாகி, அடுத்த வருடம் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் தாள்களுக்கு மதிப்பெண் போட்டவள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பட்டியலைப் பற்றி மாணவர்களும் பேராசிரியர்களும் நம் வீட்டுப் பெரியவர்களும் ஒருசேர நம்புகிற ஒன்றை நான் நம்பவில்லை. ஏன் என்று சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

விஷயம் புதியவர்களுக்காகக் கொஞ்சம். அமெரிக்காவில் சட்டம் என்பது பட்டப்படிப்பு முடித்த பிறகு படிக்கிற மூன்று வருடப் படிப்பு. ஏறக்குறைய ஒவ்வொரு சட்டப் பள்ளியிலும் ஒரு 'லா ரிவ்யூ' உண்டு. ஹார்வர்டில் 1887-இலும் யேலில் 1891-இலும் கொலம்பியாவில் 1901-இலும் தொடங்கியவை இன்றும் வருகின்றன. இவற்றை நடத்துகிறவர்கள் மாணவர்கள். எந்தப் பேராசிரியரின் கட்டுரையை ஏற்பது, எதை நிராகரிப்பது, எந்த வரியை வெட்டுவது, எல்லாம் இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளின் கையில். மருத்துவத்திலோ பௌதிகத்திலோ இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த ஆசிரியர் குழுவில் இடம் பிடிக்க முதலாண்டு முடிவில் நடப்பதுதான் 'ரைட்-ஆன்' போட்டி. தீர்ப்புகளும் கட்டுரைகளும் அடங்கிய ஒரு கட்டு கொடுப்பார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அதற்கு வெளியே எதையும் தேடக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. ஒரு தீர்ப்பைப் பற்றி விமர்சனக் குறிப்பு எழுத வேண்டும். கூடவே, வேண்டுமென்றே பிழைகளைப் புதைத்து வைத்த சில பக்கங்களைத் திருத்தித் தர வேண்டும். சில இடங்களில் இதோடு முதலாண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ஊரெல்லாம் நம்புவது இதுதான்: சட்டப் பள்ளியிலேயே நியாயமான போட்டி இது ஒன்றுதான். தாளில் பெயர் இல்லை, எண் மட்டும். எல்லோருக்கும் அதே கட்டு, அதே நாட்கள். அப்பா யார், என்ன நிறம், எந்த ஊர் என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. ஆகவே பட்டியலில் வந்தவர் திறமைசாலி, வராதவர் ஒரு படி கீழே. காத்திருப்பதைப் பற்றிக் கேட்டால் அதற்கும் பதில் தயார்: வக்கீல் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும், தீர்ப்புக்கு வருடக்கணக்கில் காத்திருக்கிறோமே, இதுவும் ஒரு பயிற்சி. நம் குடும்பங்களில் இது இன்னும் எளிதாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். ரேங்க், கட்-ஆஃப், மெரிட் லிஸ்ட் என்று வளர்ந்தவர்கள் நாம். பட்டியல் என்று ஒன்றைக் கண்டால் மேலும் கேள்வி கேட்காமல் அதில் பெயரைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

முதலில், அந்தப் போட்டி எதை அளக்கிறது? நான் அளந்த இடத்திலிருந்தே சொல்கிறேன். ஜூன் மாதத்தில் ஒரு பெட்டி நிறையத் தாள்கள் வந்தன. கூடவே மதிப்பெண் அட்டவணை. வாதத்துக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு, மேற்கோள் வடிவத்துக்கு இவ்வளவு, திருத்தல் தேர்வுக்கு இவ்வளவு. கடைசி இரண்டையும் கூட்டினால் வாதத்துக்கு உரிய மதிப்பெண்ணை நெருங்கிவிடும். மேற்கோள் வடிவத்துக்கு வேதம் 'புளூபுக்'. ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா ஆகிய நான்கு பள்ளிகளின் இதழ்கள் சேர்ந்து வெளியிடும் விதிநூல். 1926-இல் முதல் பதிப்பு வந்தபோது 26 பக்கம். 2010-இல் வந்த பத்தொன்பதாம் பதிப்பு 511 பக்கம். 'மேலே சொன்ன அதே நூல்' என்பதைக் குறிக்க லத்தீனில் 'ஐடி' என்று போட்டு ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். சாய்ந்த புள்ளிக்கும் நேரான புள்ளிக்கும் அச்சில் என்ன வித்தியாசம் தெரியும்? நான் திரையில் எழுத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து மதிப்பெண் கழித்திருக்கிறேன். இதழில் நூலாசிரியர் பெயரைச் சிறிய வடிவத் தலைப்பெழுத்துகளில் போட வேண்டும், அடிக்குறிப்பில் முழு மேற்கோளாக வரும் வழக்கின் பெயரைச் சாய்க்கக் கூடாது. இப்படி ஒவ்வொன்றும் ஒரு கழித்தல்.

அந்தப் பெட்டியில் இருபத்தேழாம் எண் தாள் ஒன்று இருந்தது. போலீஸ் சோதனை பற்றிய ஒரு தீர்ப்பை எல்லோரும் நீதிபதிகள் எழுதிய காரணத்தை வைத்தே ஆராய்ந்திருந்தார்கள். இந்தத் தாள் மட்டும் அந்த வீட்டுக்குள் போய் நின்றது. கதவைத் திறந்தவர் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவரின் தங்கை. அவர் 'உள்ளே வாருங்கள்' என்று சொன்னது சம்மதமா, பயமா என்ற கேள்வியைத் தீர்ப்பு எந்தப் பக்கத்தில் தாண்டிப் போனது என்று விரல் வைத்துக் காட்டியது. நான் படித்ததில் சிறந்த தாள் அதுதான். மேற்கோள் வடிவத்தில் அதற்குப் பாதிக்கும் கீழே போட்டேன். திருத்தல் தேர்வில் கடைசி இரண்டு பக்கம் காலியாக இருந்தது. நேரம் போதவில்லை போலிருக்கிறது. கூட்டிப் பார்த்தபோது கோட்டுக்குக் கீழே போய்விட்டது. மூத்த ஆசிரியரிடம் சொன்னேன். "அட்டவணை எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பதிலில் இருந்த நியாயத்தை நானும் அன்று ஒப்புக்கொண்டேன். அந்த நியாயத்தைத்தான் இன்று மறுக்கிறேன்.

அட்டவணை எல்லோருக்கும் ஒன்று என்பதால் அது அளக்கிற பொருள் சரியான பொருள் ஆகிவிடாது. எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தலாம். உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் எடையை எடுத்துக்கொண்டிருந்தால், தராசு எவ்வளவு நேர்மையாக இருந்து என்ன? இதை வெளியில் நிற்கிறவர்கள் வயிற்றெரிச்சலில் சொல்வதாகத் தள்ளிவிட முடியாது. ரிச்சர்ட் போஸ்னர் ஹார்வர்டு லா ரிவ்யூவின் தலைவராக இருந்தவர், பிறகு மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி. 1986-இல் ஒருமுறையும் 2011-இல் இன்னொரு முறையும் புளூபுக்கை எதிர்த்துக் கட்டுரை எழுதினார். தன் அலுவலகத்துக்குச் சில பக்கங்களில் அடங்கிவிடும் விதிகளே போதும் என்று வைத்துக்கொண்டார். யேல் பேராசிரியர் ஃபிரெட் ரோடெல் 1936-இலேயே லா ரிவ்யூக்களுக்கு விடை கொடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இன்றைய தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஹார்வர்டு இதழின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். அவரே 2011-இல் நீதிபதிகள் மாநாடு ஒன்றில், இந்த இதழ்களைத் திறந்தால் 18-ஆம் நூற்றாண்டு பல்கேரியாவில் கான்ட்டின் செல்வாக்கைப் பற்றிய கட்டுரைதான் இருக்கும், வழக்கு நடத்துகிறவர்களுக்கு அதனால் பெரிய உதவி இல்லை என்ற பொருளில் பேசினார்.

அடுத்தது 'அதே நாட்கள்'. காலண்டரில் அதே நாட்கள்தான். என்னோடு படித்த ஒருத்திக்கு ஆறு மாதக் கைக்குழந்தை. இன்னொருவன் மே மாதம் விடுதியைக் காலி செய்த அன்றிலிருந்து இரவு வேலைக்குப் போனான்; வாடகைக்கு வேறு வழி இல்லை. வேறொரு மாணவனுடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் வக்கீல். குளிர்கால விடுமுறையிலேயே பழைய போட்டித் தாளை உட்கார்ந்து எழுதிப் பழகியிருந்தான். 'கேஸ் கமென்ட்' என்கிற அந்த விமர்சனக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை நான் போட்டி தொடங்கிய இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தேன். பெயரை மறைப்பது திருத்துகிறவனின் கண்ணைக் கட்டுகிறது, அவ்வளவுதான். தாளை எழுதியபோது அந்த அறையில் யார் அழுதுகொண்டிருந்தார்கள், அறை என்று ஒன்று இருந்ததா என்பதை அது மாற்றுவதில்லை. பெயரை மறைத்ததாலேயே அந்த வித்தியாசங்கள் திறமை என்ற பெயரில் மதிப்பெண்ணாக வெளியே வருகின்றன. பெயர் தெரிந்திருந்தாலாவது ஒருவேளை யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்.

'அப்படியானால் பெரிய பெரிய நீதிபதிகள் எல்லாம் எப்படி இதிலிருந்தே வந்தார்கள்?' இது அக்கா வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். இன்றைய உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேரில் ராபர்ட்ஸ், அலிட்டோ, சோட்டோமேயர், கேகன், காவனா, பாரெட், ஜாக்சன் ஆகிய ஏழு பேர் தங்கள் பள்ளியின் முதன்மை இதழில் இருந்தவர்கள். மீதி இரண்டு பேரைக் காட்டி 'பார்த்தீர்களா' என்று வாதாட நான் வரவில்லை. ஏழு பேர் என்பதையே எடுத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 36 கிளார்க்குகள், அதாவது நீதிபதிக்கு உதவும் இளம் சட்டப் பட்டதாரிகள். ஃபெடரல் நீதிபதிகள் பலர் கிளார்க் எடுக்கும்போது விண்ணப்பத்தில் லா ரிவ்யூவைத் தேடுகிறார்கள். பெரிய நிறுவனங்களும் அப்படியே. பேராசிரியர் வேலைக்கும் அப்படியே. கிளார்க்காக இருந்தவர் நீதிபதி ஆகிறார், அவர் தன் முறை வரும்போது லா ரிவ்யூ பிள்ளைகளையே எடுக்கிறார். வாசலில் நிற்கிறவர்களில் சிலரை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, உள்ளே பாருங்கள், இருப்பவர்கள் எல்லாம் நாங்கள் விட்டவர்கள்தான் என்று சொன்னால் அது எதற்கு ஆதாரம்? கதவு பூட்டியிருக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம்.

அந்தக் கதவு இதற்கு முன்னும் தன்னைத் தகுதி என்றே அழைத்துக்கொண்டது. ஹார்வர்டு சட்டப் பள்ளி பெண்களைச் சேர்க்கவே 1950 ஆயிற்று. அதன் இதழுக்கு ஒரு பெண் தலைவராக 1976 ஆயிற்று; சூசன் எஸ்ட்ரிச். கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராக 1990 ஆயிற்று, பராக் ஒபாமா. அதற்கு முந்தைய பட்டியல்களும் மெரிட் லிஸ்ட் என்றுதான் ஒட்டப்பட்டன.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன், ஹார்வர்டு லா ரிவ்யூவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர். எந்த நிறுவனம் அன்று அவரைச் சமமாக நடத்தியிருக்கும் என்பது வேறு கதை. பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அவர் 1929-இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் துணை டீன் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி. மாலை வகுப்புகளை நிறுத்தி முழுநேரப் பள்ளியாக்கினார். பாடத்தோடு நிற்காமல் பிள்ளைகள் நீதிமன்றங்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வைத்தார். அந்தப் பள்ளிக்கு அன்று லா ரிவ்யூவே கிடையாது. ஹோவர்ட் லா ஜர்னல் வந்தது 1955-இல்தான். 1933-இல் அங்கே முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல். ஹூஸ்டனும் மார்ஷலும் காரில் தென்மாநிலங்கள் முழுவதும் போய், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று பார்த்துப் பதிவு செய்தார்கள். 1954-இல் பிரவுன் வழக்கில் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அதற்காக வாதாடியவர்களின் முன்னணியில் நின்றவர் மார்ஷல். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவை மாற்றிய அந்த வக்கீல், லா ரிவ்யூ இல்லாத பள்ளியில், லா ரிவ்யூவில் இருந்த ஓர் ஆசிரியரிடம் படித்தவர். அந்த ஆசிரியருக்கு எது தேவை என்று தெரிந்திருந்தது. தன் மாணவர்களை அவர் மேற்கோள் வடிவத்தில் போட்டியிட வைக்கவில்லை.

லா ரிவ்யூவால் எதுவும் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. வாரனும் பிராண்டைஸும் 1890-இல் எழுதிய அந்தரங்க உரிமைக் கட்டுரை ஹார்வர்டு இதழில்தான் வந்தது; இன்றைக்கும் அதைத் தொட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு வருடம் அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக மூல நூலை எடுத்து, ஆசிரியர் சொல்வது உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று சரிபார்த்த பழக்கம்தான் என்னை ஒழுங்காகப் படிக்கிறவளாக ஆக்கியது. பெரிய பேராசிரியர்கள்கூட இல்லாத மேற்கோளை இருப்பதாக எழுதுவார்கள் என்று நான் கற்றது அங்கேதான். ஆனால் அந்தப் பயிற்சி அவ்வளவு நல்லது என்றால், அதை வகுப்பில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களை வெளியே நிறுத்துவது எதற்கு? அடிக்குறிப்பு சரிபார்க்க ஆள் போதவில்லை என்று ஒவ்வொரு பருவமும் புலம்பினோம். கதவுக்கு வெளியே விருப்பமும் உழைப்பும் உள்ளவர்கள் நின்றார்கள். உள்ளே விட்டால் சொல்லிக்கொள்ள முடியாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. எல்லோரும் உள்ளே வந்தால் பெருமை போய்விடும். அப்படியென்றால் விற்கப்படுவது பயிற்சி இல்லை, வெளியே நிற்கிறவர்களின் எண்ணிக்கை.

கடைசியாக அந்தக் காத்திருப்பு. தீர்ப்புக்குக் காத்திருப்பதோடு இதை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது பெரும்பாலும் காரணம் எழுதும். மேல்முறையீடு உண்டு. வாய்தா தேதி உண்டு. பெரும்பாலான லா ரிவ்யூக்களில் தேர்வாகாதவருக்கு வருவது நான்கு வரி. மதிப்பெண் இல்லை, எதில் குறைந்தது என்று இல்லை, திருத்திய தாள் திரும்பி வராது. நம் ஊரில் பிளஸ் டூ எழுதுகிற பிள்ளை பணம் கட்டினால் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். லட்சக்கணக்கான தாள்களுக்கு இதைச் செய்ய ஒரு மாநில அரசால் முடிகிறது. சில நூறு தாள்களுக்கு இதைச் செய்ய ஒரு சட்டப் பள்ளியால், நியாயமான விசாரணை என்றால் என்ன என்று பாடம் நடத்தும் ஒரு சட்டப் பள்ளியால், முடியாதா?

இந்தக் காத்திருப்புக்குக் கைக்காசு விலையும் உண்டு. முன்பெல்லாம் பெரிய நிறுவனங்கள் ஆகஸ்டில் வளாகத்துக்கு வந்து நேர்முகம் நடத்தும். அதற்குள் பட்டியல் வந்துவிடும். எப்போது மாணவர்களை அணுகலாம் என்பதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 2018 இறுதியில் தளர்ந்த பிறகு நிறுவனங்கள் முந்திக்கொண்டு ஓடுகின்றன. மே, ஜூன் மாதத்திலேயே அடுத்த வருடத்துக்கு ஆள் எடுத்து முடிக்கிறார்கள். லா ரிவ்யூ பட்டியலோ இன்னும் ஜூலை, ஆகஸ்டில்தான். அக்கா மகள் நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போடாமல் வைத்திருந்தாள், "ரிசல்ட் வந்ததும் அதையும் சேர்த்துப் போட்டுக்கலாம்" என்று. அதில் இரண்டு இடம் நிரம்பிவிட்டது. தன்னைப் பற்றி எழுத அவளிடம் நிறைய இருக்கிறது; அந்த ஒரு வரி இல்லாமல் மீதி எதுவும் கண்ணில் படாது என்று அவளை நம்ப வைத்திருக்கிறார்கள். இதைத்தான் பயிற்சி என்கிறார்கள்.

இதழ்கள் செய்யக்கூடியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. முடிவு வரும் தேதியைப் போட்டி தொடங்கும் நாளிலேயே சொல்லி, அந்தத் தேதியைக் காப்பாற்ற வேண்டும். எழுதிய ஒவ்வொருவருக்கும் தாளும் மதிப்பெண்ணும் குறிப்பும் திரும்பிப் போக வேண்டும். மேற்கோள் வடிவத்தை உள்ளே வந்த பிறகு சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்தில் எனக்கே வந்துவிட்டது. உழைக்கத் தயாராக இருப்பவர்களுக்கு எல்லாம் இடம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் மாணவர்களே தீர்மானிக்கக்கூடியவை. டீன் கையெழுத்துகூடத் தேவைப்படாது.

நேற்று ராத்திரி அக்கா மகளிடம் அந்த இருபத்தேழாம் எண் தாளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அது யாருன்னு பின்னாடி தெரிஞ்சுதா சித்தி?" என்று கேட்டாள். தெரியவில்லை. எண்களுக்கு உரிய பெயர்களில் தேர்வானவர்களின் பெயர்கள் மட்டும்தான் திறக்கப்பட்டன. மறு வருடம் முழுக்க அந்த ஆளோடு ஒரே நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன், ஒரே வரிசையில் காபிக்கு நின்றிருப்பேன். அந்த வாசற்கதவையும், கதவைத் திறந்த தங்கையையும் எங்களில் யாரும் பார்க்காத அளவுக்கு அவர் பார்த்துவிட்டார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.